மாடல் படகில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் பிராக்கெட் செய்வதும் பொருத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் லெனேசியாவிலும் ரேடியோ கட்டுப்பாட்டுப் படகு கட்டும் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் 60 செ.மீ முதல் 120 செ.மீ வரை நீளமுள்ள மின்மோட்டார் படகுகளையும் 4 மி.மீ ஷாஃப்டையும் மனதில் வைத்து எழுதப்பட்ட பதில்கள். வேறு அளவு ஷாஃப்ட் என்றால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பிராக்கெட் என்பது என்ன? எல்லாப் படகுக்கும் வேண்டுமா?

படகின் உடலிலிருந்து வெளியே வரும் ஷாஃப்டின் கடைசி முனையை, புரொப்பெல்லருக்குச் சற்று முன்னால் பிடித்து நிறுத்தும் கால்தான் பிராக்கெட். கீலின் (படகின் அடித்தண்டின்) முடிவில் ஒரே புரொப்பெல்லர் உள்ள இழுவைப் படகுக்கோ மீன்பிடிப் படகுக்கோ இது தேவையில்லை. அங்கே ஷாஃப்ட் டியூப் புரொப்பெல்லர் வரைக்குமே உடலுக்குள் இருக்கும். இரட்டைப் புரொப்பெல்லர் உள்ள கடற்படைக் கப்பல்கள், வேகப் படகுகள், பயணிகள் கப்பல்கள் பலவற்றில் ஷாஃப்ட் நீண்ட தூரம் திறந்த தண்ணீரில் போகும். அங்கே பிராக்கெட் இல்லாமல் முடியாது. டர்பன் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருந்த எஸ்.ஏ.எஸ். டர்பன் என்ற கண்ணிவாரிக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 46 மீட்டர் நீளம், இரட்டை ஷாஃப்ட். 1/48 அளவில் கட்டினால் 96 செ.மீ வரும். இந்தப் பக்கம் அந்த மாதிரிப் படகு கட்டுகிறவர்களுக்குத்தான்.

பிராக்கெட் ஷாஃப்டைத் தூக்கிப் பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். எடை அங்கே பெரிய விஷயமே இல்லை. ஷாஃப்ட் அதன் நேர்கோட்டை விட்டு விலகாமல் காப்பதுதான் அதன் வேலை. ஷாஃப்டின் கோட்டுக்குப் பிராக்கெட் இணங்கி நிற்க வேண்டும். பிராக்கெட் இருக்கும் இடத்துக்கு ஷாஃப்டை வளைத்துக் கொண்டுவரக் கூடாது. கீழே வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

ஷாஃப்ட் எவ்வளவு தூரம் பிடிப்பின்றிப் போகலாம்?

டியூபின் வாயிலிருந்து புரொப்பெல்லர் வரை உள்ள தூரம் ஷாஃப்டின் விட்டத்தைப் போல் நான்கைந்து மடங்குக்குள் இருந்தால், அதாவது 4 மி.மீ ஷாஃப்டுக்கு 20 மி.மீக்குள், பிராக்கெட் இல்லாமல் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் வையுங்கள்.

இரண்டு பிடிப்புகளுக்கு நடுவில் உள்ள நீளத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. எந்தக் கம்பியும் குறிப்பிட்ட வேகத்தில் நடுவில் வில்லாக வளைந்து சுழலத் தொடங்கும். 4 மி.மீ எஃகு ஷாஃப்டுக்குக் கணக்குப் போட்டால், 300 மி.மீ இடைவெளியில் அந்த வேகம் நிமிடத்துக்குச் சுமார் 5,200 சுற்று. 200 மி.மீ என்றால் 11,700. 150 மி.மீ என்றால் 20,800. நீளம் இரட்டிப்பானால் வேக வரம்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். தண்ணீருக்குள் இது இன்னும் சற்றுக் குறையும். எனவே இந்த எண்களில் 60 சதவீதத்துக்குள் உங்கள் மோட்டார் வேகம் இருக்கட்டும். டியூபின் உள்வாயிலிருந்து வெளிவாய் வரை நடுவில் புஷ் (ஷாஃப்ட் தாங்கிச் சுழலும் சிறு உருளை) இல்லாத நீண்ட டியூபுக்கும் இதே கணக்குத்தான். டியூப் 300 மி.மீ என்றால் நடுவில் இன்னொரு புஷ் போடுங்கள்.

ஒற்றைக் காலா, இரட்டைக் காலா?

உங்கள் கப்பலின் வரைபடம் காட்டுவதைப் பின்பற்றுங்கள். தேர்வு உங்கள் கையில் என்றால் இரட்டைக் கால் நல்லது. ஒற்றைக் கால் பக்கவாட்டில் வளையும். புல்லோ மீன்பிடி நைலான் நூலோ புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் முதலில் மடங்குவது அதுதான். புரொப்பெல்லர் 35 மி.மீக்குக் குறைவாகவும் கால் 25 மி.மீக்குக் குறைவாகவும் இருந்தால் ஒற்றைக் கால் தாங்கும்.

இரட்டைக் காலில் இரு கால்களுக்கும் இடையிலான கோணத்தை 60 முதல் 80 டிகிரிக்குள் வையுங்கள். நான்கு இதழ் புரொப்பெல்லருக்கு 90 டிகிரியும், மூன்று இதழுக்கு 120 டிகிரியும் வேண்டாம். அப்படி வைத்தால் இரண்டு இதழ்கள் ஒரே நேரத்தில் இரு கால்களின் பின்னால் வரும் கலங்கிய நீரைக் கடக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு விழுந்து அதிர்வு கூடும்.

4 மி.மீ ஷாஃப்டுக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

குமிழுக்கு, அதாவது ஷாஃப்ட் நுழையும் உருளைக்கு, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் கே அண்ட் எஸ் நிறுவனப் பித்தளைக் குழாய்கள் மிக வசதி. அவற்றின் சுவர் 0.36 மி.மீ. 3/16 அங்குலக் குழாயின் உள்விட்டம் 4.05 மி.மீ, எனவே 4 மி.மீ ஷாஃப்ட் தளர்வின்றிச் சுழலும். அது புஷ். அதன் மேல் 7/32 அங்குலக் குழாய் சரியாகப் பொருந்தும், அதுவே குமிழ். புஷ் தேய்ந்தால் வெப்பத்தில் இளக்கி எடுத்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். குமிழையே துளைத்துச் செய்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

காலுக்கு 1.5 மி.மீ தடிமன், 8 மி.மீ அகலப் பித்தளைப் பட்டை. குமிழின் நீளம் 12 முதல் 16 மி.மீ. கால் உடலுக்குள் போகும் பகுதிக்கு 12 மி.மீ கூடுதலாக வெட்டுங்கள். உள்ளே ஒட்ட 6 மி.மீ பிளைவுட் துண்டு, மெதுவாக இறுகும் எபாக்ஸி, வெள்ளி சால்டர், ஃப்ளக்ஸ். இவ்வளவுதான். வரைபடத்தில் உள்ள காலின் தடிமனை அப்படியே அளவு குறைத்தால் 0.6 மி.மீ வரும். அதை நம்ப வேண்டாம். முன்விளிம்பைச் சீவிவிட்டால் 1.5 மி.மீ கண்ணுக்கு மெல்லியதாகவே தெரியும்.

ஒற்றைக் கால் பிராக்கெட்டை எப்படிச் செய்வது?

7/32 குழாயில் 14 மி.மீ வெட்டி, இரு முனைகளையும் அரத்தால் சதுரமாக்குங்கள். நீளவாக்கில் ஒரு பக்கச் சுவரில் மட்டும் காலின் தடிமனுக்கு 1.5 மி.மீ பிளவு போடுங்கள். மெல்லிய ரம்பம், பிறகு தட்டை அரம். பிளவுக்குள் காலின் முனை இறங்கி, குழாயின் உள்சுவரோடு சமமாக நிற்க வேண்டும். தளர்ந்து ஆடக் கூடாது. பிளவு பெரிதாகிவிட்டால் துண்டை எறிந்துவிட்டு வேறு வெட்டுங்கள். சால்டர் இடைவெளியை அடைக்கும் பசை அல்ல.

ஒரு நேரான எஃகுக் கம்பியில் டிப்பெக்ஸ் (எழுத்துப் பிழையை மறைக்கும் வெள்ளைத் திரவம்) பூசிக் காயவைத்து, குமிழுக்குள் நுழையுங்கள். டிப்பெக்ஸ் பூசிய இடத்தில் சால்டர் ஒட்டாது. கம்பி இருப்பதால் குமிழ் வளையாது, காலின் முனையும் உள்ளே துருத்தாது. கம்பிக்குக் கால் 90 டிகிரியா என்று சதுரமட்டத்தில் பார்த்து, தீச்செங்கல் துண்டின் மேல் இறுக்கி வையுங்கள்.

பிறகு ஃப்ளக்ஸ் தடவி டார்ச்சால் சூடேற்றுங்கள். வெயிலில் செய்யக் கூடாது, ஏனெனில் நிறம் தெரியாது. நிழலில் பித்தளை மங்கலான செந்நிறத்துக்கு வந்ததும், ஃப்ளக்ஸ் கண்ணாடி போல் தெளிந்து உருகும். அந்தக் கணத்தில் சால்டர் கம்பியை மூட்டில் தொட்டால், ஒரு பளிச்சென்ற கோடு பிளவைச் சுற்றி ஓடி மூட்டை முழுவதும் நனைக்கும். தீயை உடனே விலக்குங்கள். காட்மியம் கலந்த பழைய வெள்ளி சால்டர் கிடைத்தால் வாங்க வேண்டாம். அதன் புகை நஞ்சு.

ஆறியதும் வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலில் (தண்ணீரில் 10 சதவீதம்) அரைமணி நேரம் போட்டால் ஃப்ளக்ஸும் கறையும் போகும். கடைசியாகக் காலின் முன்விளிம்பை உருண்டையாகவும் பின்விளிம்பைக் கூராகவும் அரத்தால் சீவுங்கள். ஆமைக்குப் பின்னால் வால் ஒடுங்குவது போல் பின்பக்கம் ஒடுங்கினால் போதும், கத்தி முனை தேவையில்லை.

இரட்டைக் காலுக்கு?

இரண்டு வழிகள். ஒன்று, 0.8 மி.மீ தடிமன் பட்டை ஒன்றைக் குமிழின் அடிப்பக்கத்தில் சுற்றி மடித்து, இரு முனைகளையும் கால்களாக நீட்டுவது. ஒரே துண்டு என்பதால் கால் குமிழிலிருந்து பிரியாது. முதல் தடவை செய்பவர்களுக்கு இதையே சொல்வேன். இன்னொன்று, இரு கால்களையும் தனித்தனியாகக் குமிழின் இரு பிளவுகளில் நுழைத்து சால்டர் செய்வது. தோற்றம் இதில்தான் அழகு. பலகையில் கோணத்தை வரைந்து ஆணியடித்துக் கால்களை நிறுத்தி வைத்தால், இடது வலது பிராக்கெட் இரண்டும் ஒரே மாதிரி வரும்.

ஈய சால்டர் போதாதா?

60/40 ஈய சால்டர் சுமார் 190 டிகிரி செல்சியஸில் உருகும், வேலை சுலபம். 0.8 மி.மீ பட்டையைக் குமிழைச் சுற்றி மடித்த பிராக்கெட்டுக்குப் போதும். தனிக் கால் பிளவு மூட்டுக்குப் போதாது. புரொப்பெல்லர் ஒரு கல்லில் தட்டினால் மூட்டு கீறிவிடும். வேலைகளின் வரிசையும் முக்கியம்: முதலில் வெள்ளி சால்டரால் காலும் குமிழும், பிறகு ஈய சால்டரால் புஷ். இரண்டாவது சூடு முதல் மூட்டைத் தொடாது.

புஷ் எந்தப் பொருளில் இருக்க வேண்டும்?

துருப்பிடிக்காத எஃகு ஷாஃப்டோடு பித்தளையும் பாஸ்பர் வெண்கலமும் நன்றாகப் போகும். அசெட்டால் பிளாஸ்டிக்கும் நல்லது, 0.1 மி.மீ இடைவெளி விடுங்கள். நைலான் வேண்டாம். அது தண்ணீரை உறிஞ்சிப் பருத்து, ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும். பிராக்கெட் புஷ்ஷுக்குக் கிரீஸ் தேவையில்லை, அதைத் தண்ணீரே வழவழப்பாக்கும். உள்சுவரில் நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம் அரத்தால் போட்டால் தண்ணீர் உள்ளே போகும், மணலும் அதிலேயே வெளியேறும்.

ஷாஃப்டின் மரையுள்ள பகுதி புஷ்ஷுக்குள் வரவே கூடாது. மரை அரம் போல் பித்தளையைத் தின்னும். மரை தொடங்கும் இடம் குமிழின் பின்முனைக்கு ஒரு மில்லிமீட்டர் பின்னால் இருக்கட்டும். ஷாஃப்ட் வாங்கும்போதே அளந்து வாங்குங்கள்.

உடலில் கால் நுழையும் துளையை எப்படி வெட்டுவது?

வரைபடத்திலிருந்து இடத்தைக் குறித்து, 1.5 மி.மீ துளைகளை வரிசையாகப் போட்டு, ஊசி அரத்தால் இணையுங்கள். காலை விட எல்லாப் பக்கமும் அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். இறுக்கமாக வெட்டினால் துளை பிராக்கெட்டை ஒரு பக்கம் தள்ளும். பிறகு ஷாஃப்டை அதற்கு வளைக்க வேண்டியதாகிவிடும். உள்ளே போகும் காலின் முனையில் 2 மி.மீ துளைகள் இரண்டு போட்டு, நுனியைச் சற்று மடியுங்கள். எபாக்ஸி துளை வழியாகப் புகுந்து ஆணி போல் இறுகும்.

ஷாஃப்ட், டியூப், பிராக்கெட், மோட்டார் எல்லாவற்றையும் நேராக எப்படி வைப்பது?

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. அவசரப்பட்டால் எல்லாம் வீண்.

படகைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு தட்டையான பலகையில் நிறுத்தி, ரசமட்டத்தால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சமப்படுத்துங்கள். நடுக்கோட்டைப் பலகையில் பென்சிலால் வரையுங்கள். எல்லா அளவுகளையும் இந்தப் பலகையிலிருந்தும் கோட்டிலிருந்தும் எடுங்கள், உடலிலிருந்து எடுக்காதீர்கள். கண்ணாடி இழை உடல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருவது அபூர்வம்.

டியூபைத் துளையில் ஒட்டாமல் நுழையுங்கள். பிராக்கெட்டையும் ஒட்டாமல் நுழையுங்கள். இப்போது ஒரே நேரான 4 மி.மீ எஃகுக் கம்பியை, குமிழின் பின்னாலிருந்து தொடங்கி டியூப் வழியாக உள்ளே போய் மோட்டாரின் ஷாஃப்ட் வரும் இடம் வரை செலுத்துங்கள். மோட்டார் பக்கம் கப்ளிங்குக்குப் (மோட்டாரையும் ஷாஃப்டையும் இணைக்கும் பாகத்துக்குப்) பதிலாக ஓர் இறுக்கமான பித்தளைக் குழாய்த் துண்டால் கம்பியையும் மோட்டார் ஷாஃப்டையும் இணையுங்கள். கம்பியே இப்போது எல்லாவற்றையும் ஒரே கோட்டில் பிடிக்கிறது. மோட்டாரை அதன் மேடையோடு அங்கேயே மெல்லிய அட்டைத் துண்டுகளால் உயர்த்தி நிறுத்துங்கள்.

விரல்களுக்கு நடுவில் கம்பியைச் சுழற்றிப் பாருங்கள். ஒரு முழுச் சுற்றில் எங்கும் ஒரே மாதிரி இலகுவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சற்றுக் கனத்தால் கம்பியோ புஷ்ஷோ வளைந்திருக்கிறது. எல்லா இடத்திலும் கனத்தால் கோடு தவறியிருக்கிறது.

சரியாக இருக்கும்போது காலை உள்ளிருந்து ஒரே ஒரு புள்ளியில் ஐந்து நிமிட எபாக்ஸியால் பிடித்து வையுங்கள். இறுகியபின் மறுபடி சுழற்றிப் பாருங்கள். இப்போதும் இலகுவாக இருந்தால் டியூபையும் ஒரு புள்ளியில் பிடியுங்கள். மறுபடி சுழற்றுங்கள். இந்த இரண்டும் தேறிய பிறகே மெதுவாக இறுகும் எபாக்ஸியை முழுவதும் ஊற்ற வேண்டும். கம்பியை எபாக்ஸி இறுகும் வரை உள்ளேயே விட்டு, அரை மணிக்கொரு முறை சுழற்றுங்கள். ஒழுகிய துளி புஷ்ஷுக்குள் போயிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

இரட்டை ஷாஃப்டில் இரண்டும் சமமா என்று எப்படிப் பார்ப்பது?

பலகையிலிருந்து இரு குமிழ்களின் மையத்துக்கும் உள்ள உயரத்தையும், நடுக்கோட்டிலிருந்து உள்ள தூரத்தையும் அளவிடுங்கள். வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். அதைவிட முக்கியம் இரண்டு ஷாஃப்டும் பக்கவாட்டிலிருந்து பார்க்க ஒரே கோணத்தில் இறங்குவது. ஒன்று 5 டிகிரியும் மற்றொன்று 7 டிகிரியும் என்றால் படகு நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுக்கும்.

சுழலும் திசையையும் இங்கேயே தீர்மானியுங்கள். வழக்கமாக முன்னோக்கிப் போகும்போது மேல்பக்க இதழ்கள் வெளிப்பக்கம் சாய்ந்து சுழலும்: வலப்பக்கத்தில் வலக்கைப் புரொப்பெல்லர், இடப்பக்கத்தில் இடக்கைப் புரொப்பெல்லர்.

எந்த எபாக்ஸி? டர்பன் ஈரப்பதத்தில் சரிப்படுமா?

இறுதி ஒட்டுக்கு 24 மணி நேரம் எடுக்கும் எபாக்ஸி. ஐந்து நிமிட வகை தண்ணீரில் மெல்ல மென்மையாகும், அதைத் தற்காலிகப் பிடிப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள். காலையும் பிளைவுட் துண்டையும் சேர்த்துச் சுற்றி வளைத்து ஒரு மேடு கட்டப் பிராட்லி புட்டி போன்ற எபாக்ஸிக் களிமண் நல்லது.

டர்பன் கோடையில் காற்று ஈரமாக இருக்கும்போது, இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகு போல் ஒரு படலம் வரும். அதன் மேல் அடுத்த பூச்சு ஒட்டாது. வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவி உப்புத்தாள் போட்டபின் பூசுங்கள். ஜோபர்க் பக்கம் குளிர்கால இரவில் எதிர்ப்பிரச்சினை: 10 டிகிரிக்குக் கீழே பல எபாக்ஸிகள் சரியாக இறுகாது. ஒரு பல்பைப் பக்கத்தில் எரியவிட்டு வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

பித்தளை உடலிலிருந்து கழன்றுவந்தால் குற்றம் எபாக்ஸியுடையது அல்ல. பளபளவென்று மெருகிட்ட பித்தளையில் எதுவும் பிடிக்காது. உள்ளே போகும் பகுதியை 120 நம்பர் உப்புத்தாளால் கீறி, அசெட்டோனால் துடைத்து, அதற்குப்பின் விரல் படாமல் ஒட்டுங்கள். கண்ணாடி இழை உடலின் உள்பக்கத்தையும் அதே மாதிரி கீறுங்கள்.

ஒட்டிய பிறகு ஷாஃப்ட் கனமாகிவிட்டதே?

முதலில் அளந்து பாருங்கள். மோட்டார் தனியாகச் சுழலும்போது ஒரு மீட்டரில் ஆம்ப் பாருங்கள், பிறகு ஷாஃப்டை மாட்டிப் பாருங்கள். 0.6 ஆம்ப் 0.8 ஆனால் பரவாயில்லை. 1.2 ஆனால் எங்கோ உராய்கிறது. கப்ளிங்கைக் கழற்றிச் சுழற்றுங்கள். இலகுவாகிவிட்டால் மோட்டார்தான் கோடு தவறியிருக்கிறது, பிராக்கெட்டைத் தொடாதீர்கள். அப்போதும் கனமென்றால் பிராக்கெட்.

புஷ் ஈய சால்டரில் இருந்தால் ஒரு வழி உண்டு. ஷாஃப்டை உள்ளே விட்டபடியே சால்டர் இரும்பால் குமிழைச் சூடாக்குங்கள். புஷ் தன் இடத்தைத் தேடி அமர்ந்துகொள்ளும். ஒரு ஈரத்துணியைக் காலின் அடியில் சுற்றி வைத்தால் எபாக்ஸி கெடாது. இது சிறிய பிழையை மட்டுமே சரிசெய்யும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் காலை எடுத்து மறுபடி ஒட்டுவதே நேர்மையான தீர்வு. காலைக் குறட்டால் வளைத்துச் சரிசெய்வது அப்போதைக்குச் சரியாகத் தெரியும். ஆனால் குமிழ் சாய்ந்துவிடும், புஷ் ஒரு முனையில் மட்டும் தேயும்.

புரொப்பெல்லர் தள்ளும் விசை பிராக்கெட்டில் விழாமல் இருக்க?

படகு முன்னால் போகும்போது புரொப்பெல்லர் ஷாஃப்டை உள்நோக்கித் தள்ளும். தடுப்பு எதுவும் இல்லையென்றால் புரொப்பெல்லரின் பூட்டு நட் குமிழின் பின்முகத்தில் உரசி, காலை முன்னால் மடக்கும். டியூபின் வெளிவாய்க்குப் பின்னால், ஷாஃப்டில் ஒரு காலர் பூட்டி, டெஃப்லான் வாஷர் வையுங்கள். விசை டியூபுக்குப் போய்விடும். உள்பக்கத்திலும் ஒரு காலர் பின்னோக்கிய விசைக்கு. காலர்கள் பூட்டியபின் குமிழுக்கும் பூட்டு நட்டுக்கும் 2 மி.மீ இடைவெளி இருக்கட்டும். புரொப்பெல்லர் நுனிக்கும் உடலுக்கும் இடையில், புரொப்பெல்லர் விட்டத்தில் 15 முதல் 20 சதவீதம்.

காலின் அடியில் தண்ணீர் கசிகிறது. ஏன்?

அநேகமாகக் கால் அசைகிறது. மேலே மேலே எபாக்ஸி தடவினால் நிற்காது. உள்ளே பிளைவுட் துண்டு ஒட்டியிருக்கிறதா, அது தண்ணீரில் ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். பிளைவுட்டின் விளிம்புகளையும் சேர்த்து எபாக்ஸி பூசி மூடியபின்தான் உள்ளே ஒட்ட வேண்டும்.

3டி பிரிண்டரில் அச்சடித்தால்?

சரிதான், இரண்டு நிபந்தனைகளோடு. பி.எல்.ஏ வேண்டாம். அது 60 டிகிரி அளவில் இளகும். டிசம்பர் வெயிலில் மூடிய பாக்கியின் (பிக்கப் வண்டியின்) பின்பக்கத்தில் வைத்த படகின் கால் தானாகவே வளைந்துவிடும். பி.இ.டி.ஜி பயன்படுத்துங்கள், காலை 3 மி.மீ தடிமனாக வையுங்கள். பிராக்கெட்டைப் படுக்கவைத்து அச்சடியுங்கள், அப்போது அடுக்குகள் காலின் நீளத்தோடு ஓடும். நிற்கவைத்து அச்சடித்தால் கால் அடுக்கு பிரிந்து ஒடியும். குமிழுக்குள் பித்தளைப் புஷ் கட்டாயம்.

ஓடும்போது உறுமல் சத்தம் வருகிறது?

குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வந்து, அதைத் தாண்டினால் குறைகிறதென்றால் ஷாஃப்ட் வில்லாக வளைகிறது. நடுவில் புஷ் வேண்டும். வேகம் கூடக்கூடச் சத்தமும் கூடினால் புரொப்பெல்லர் சமநிலையில் இல்லை அல்லது புஷ் தேய்ந்துவிட்டது. ஷாஃப்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். 0.3 மி.மீ ஆட்டம் தெரிந்தால் புஷ்ஷை மாற்றுங்கள்.

ப்ளூ லகூனில் ஓட்டினால் உப்பு அரிக்குமா?

உம்கேனி ஆறு கடலில் கலக்கும் இடம் அது, தண்ணீர் உப்புத்தான். டர்பன் துறைமுக நீரும் அப்படியே. உப்பு நீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் வெளியேறி, மேல்பரப்பு சிவந்து நொய்ந்துபோகும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஷாஃப்டை உருவித் துடைத்து வையுங்கள். அலுமினியப் பிராக்கெட்டை எஃகு ஷாஃப்டோடு உப்பு நீரில் விடவே வேண்டாம், அலுமினியம் வேகமாக அரிக்கப்படும். உப்பிலேயே அடிக்கடி ஓட்டுகிறவர்கள் புஷ்ஷைப் பாஸ்பர் வெண்கலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இனாண்டா அணை போன்ற நன்னீரில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே பார்க்க வேண்டியது நீர்க்களை. கரைக்கு வந்ததும் குமிழுக்கும் நட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சாமணத்தால் சுத்தம் செய்யுங்கள். அங்கே சுருண்ட நாரும் நைலான் நூலும் உள்ளே புகுந்து புஷ்ஷை அறுக்கும்.